மேயரும் பச்சைத் தொட்டியும்

நாளிதழ் அலுவலகத்தில் மின்விசிறி சத்தம் போடுகிறது, காற்றுதான் வரவில்லை. மேயரின் செய்தித் தொடர்பு அதிகாரி, ஆசிரியரான தன் மச்சானின் மேசையில் இன்றைய பேப்பரை விரிக்கிறார். குப்பை மேலாண்மையைக் கற்க அரசுச் செலவில் வெளிநாடு போன மேயர், முதல் பக்கத்தில் படகில் கால்நீட்டிச் சிரிக்கிறார்.

“இது நியாயமா மச்சான்? அங்க குப்பைக் கூட்டத்துலயும்தான் உக்காந்தாரு. நாளைக்குப் பேப்பர்ல சரியான படம் வரலேன்னா என் வேலை போயிடும்.”

“படம் அனுப்பினதே நீங்கதானே மாப்ளே. குப்பையோட ஒண்ணு குடுங்க, முதல் பக்கத்துலயே போடுறேன்.”

அதிகாரி கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். நீரூற்று போகிறது, ஒட்டகம் போகிறது. கடைசியில், வெயிலில் பளபளக்கும் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி. பக்கத்தில் மேயர் ஐஸ்கிரீம் கப்பை வீசிய கையோடு நிற்கிறார். கப் தொட்டிக்கு வெளியே கிடக்கிறது.

அதிகாரியின் விரல் படத்தின் ஓரத்தை மெல்ல உள்ளே தள்ளுகிறது. முதலில் கப் மறைகிறது, அப்புறம் கை, அப்புறம் மேயர். தொட்டி மட்டும் நடுவில் கம்பீரமாக நிற்கிறது.

“இப்ப நியாயமா இருக்கு,” என்கிறார் மச்சான்.

அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைக்கிறார். “கீழ ஐயா பேரு மட்டும் கொட்டை எழுத்துல வரணும்.”