காது கொடுக்கும் கூலி

ஒஹையோவில் ஒரு மதுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவள் டார்லா. குடிகாரர்களின் புலம்பலுக்கு அவள் காது கொடுக்கும் அழகைப் பார்த்து, "நீ ஊர் காலேஜ்ல மனநல ஆலோசகர் சான்றிதழ் படிடி" என்று ஆளாளுக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்கு ஆறாயிரம் டாலர் கடன் வாங்க வேண்டும். படித்தால் என்ன சம்பளம் வரும் என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி மதுக்கடை மேசையிலேயே கடன் விண்ணப்பத்தை விரித்து அவள் கையெழுத்துப் போடப் போனபோது, பீர் வாங்கிய ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் கேட்டார்: "ராத்திரிக்கு டிப்ஸ் எவ்வளவும்மா தேறும்?"

வருமான வரிக்காரன் என்றே நினைத்துவிட்டாள் டார்லா. "நாப்பது டாலர் தேறினாலே பெரிசு சார்" என்று, நிஜமாகத் தேறும் நூறை முழுங்கினாள்.

"நாப்பதா!" அவர் வாயைப் பிளந்தார். "முதலாளிகிட்ட சொல்லி, சனி ஞாயிறு எனக்கும் இங்க ஒரு வேலை வாங்கித் தாயேன்."

"புலம்பல் கேக்கணுமே சார், பழக்கம் உண்டா?"

"காலேஜ்ல அதைத்தாம்மா சொல்லித் தர்றேன். மனநலச் சான்றிதழ் வகுப்புக்கு நான்தான் வாத்தியார்."

டார்லா கடன் விண்ணப்பத்தை நாலாக மடித்து, அவருடைய பீர் குவளைக்கு அடியில் வைத்தாள்.