அடுத்த ஞாயிற்றுக்கிழமை

“பலகையை ஜாக்குக்கு மேல வைங்கன்னா, உங்க கால் மேல வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க!”

கார் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த மனைவி அதட்டினாள். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பலகையுமாக நெளிந்தார் கணவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று பாயை விரித்தவரை வாசலுக்கு இழுத்து வந்திருந்தாள்.

“எதுக்கும்மா இந்த வம்பு? தெரிஞ்சவங்க பார்க்கிற வேலை இது. எஞ்சின் மவுண்ட்னா சும்மாவா? அந்த ரப்பர்தான் எஞ்சினையே தாங்கிப் பிடிக்குது. ஏடாகூடமா ஏதாவது ஆச்சு, எஞ்சின் தொப்புன்னு கீழ உட்கார்ந்துடும்.”

“அதுக்குத்தான் ஜாக்கு வெச்சு முட்டுக் கொடுக்கிறேன். நீங்க டார்ச் மட்டும் பிடிங்க. கை வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

அவளுக்கு வேறு வழியில்லை. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அந்த ரப்பர் தேய்ந்து கார் கிடுகிடுவென்று ஆடுகிற ஆட்டத்தில், போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கின் மேலடுக்கு வழியிலேயே சரிந்துவிட்டது. வாங்கியவர்கள் பேசிய பேச்சில் அவளுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாளைக் காலை ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் போக வேண்டும். அதுவும் சரிந்தால் இனி ஒருத்தரும் ஆர்டர் தரமாட்டார்கள்.

“கொஞ்சம் பொறுத்திருந்தா மெக்கானிக்கே பார்த்திருக்க மாட்டாரா?” என்றார் கணவர் மெதுவாக.

“யாரு, நம்ம தெருமுனை மெக்கானிக்கா? நல்லா பார்ப்பாரே! எப்பக் கேட்டாலும் ‘அடுத்த ஞாயித்துக்கிழமை’. ஊரார் வண்டின்னா ஓடி ஓடிப் பார்ப்பாரு. என் வண்டின்னா மட்டும் இடுப்பு வலி வந்துடும்.”

“பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ.”

“நீங்க என்ன, அவருக்கு வக்கீலா? அவரை நம்பிப் பிரயோஜனம் இல்லேன்னுதான் மெயின் ரோட்டுக் கடையில போய்க் கேட்டேன்.”

“அவன்கிட்டயா போனே?” கணவரின் குரல் எகிறியது. “அவனுக்கு நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதே!”

“ஆனா கூலி கேட்கத் தெரியுது. ரப்பர் விலையைப் போல மூணு மடங்கு! போய்யா, நீயும் உன் கூலியும்னு ரப்பரை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். மிச்சமாகிற காசு எனக்குப் புது ஓவனுக்கு.”

மாடி வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, இன்னிக்கு நீங்க எடுபிடியா?” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். கணவர் டார்ச்சைக் கீழே திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த கருவிப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. “ஏய், இந்தப் பெட்டி எப்படி இங்க வந்துச்சு?”

“மெக்கானிக்கோடதுதான். அவரு அசந்த நேரம் பார்த்துத் தூக்கிட்டு வந்தேன்.”

“கேட்காம எடுக்கிறதுக்குப் பேரு திருட்டு!”

“கேட்டா, ‘அடுத்த ஞாயித்துக்கிழமை தர்றேன்’பாரு.”

ஸ்பேனரைப் போட்டு அழுத்தினாள். பழைய ரப்பர் கிழிந்து நார் நாராகக் கையோடு வந்தது. புதியதை வைத்தாள். போல்ட்டுகள் சமர்த்தாக இறங்கின, கடைசி ஒன்றைத் தவிர. அதன் துளை மட்டும் நேருக்கு நேர் வரவில்லை. தள்ளினாள், இழுத்தாள், திட்டினாள், டயரை ஓர் உதை விட்டாள். அசைவேனா என்றது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே மூன்றடுக்குக் கேக் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, இங்கே ஒரே ஒரு போல்ட் உட்கார மாட்டேன் என்கிறது.

கணவர் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்ந்து, கீழே ஜாக்கின் மேல் போய் நின்றது. அவள் வெளிச்சத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஜாக்கை ஒரு சுற்று ஏற்றினாள். எஞ்சின் துளியூண்டு எழும்பியது. போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

எல்லாவற்றையும் இறுக்கி முடித்து, ஜாக்கை இறக்கி, வண்டியைக் கிளப்பினாள். பானெட்டை மூடி அதன்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்தாள். எஞ்சின் ஓடியது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“அம்மாடி! நான் செஞ்சுட்டேன்!” என்று கிரீஸ் கையோடு குதித்தாள்.

மாடி வீட்டுக்காரர் தடதடவென்று இறங்கி வந்தார். டம்ளரைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி, என் வண்டியும் இதே மாதிரிதான் ஆடுது. நீயே கொஞ்சம் பார்த்துக் கொடேன். கூலியைக் குறையில்லாம தந்துடறேன்.”

“அதுக்கென்னண்ணே, நாளைக்குச் சாயங்காலமே பண்ணிடலாம். கேக்கைக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

அவர் சந்தோஷமாகத் திரும்பி, கணவரின் தோளைத் தட்டினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மெக்கானிக் தம்பி. நீங்க சொல்ற அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமைன்னு எனக்கும் புரியல.”

மனைவி ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியை மூடி, கணவரின் கையில் கொடுத்தாள். “இந்தாங்க உங்க பெட்டி. திருட்டுப் போச்சுன்னு போலீசுக்குப் போயிடாதீங்க.”