மணல் மூட்டை

எங்கள் அடுக்ககத்து ஜிம் யந்திரம் கேமரா வழியே எல்லோர் வீட்டையும் கவனிக்கும். யாருடைய உடம்பு கட்டாகத் தெரிகிறதோ, அவர் செய்ததையே திட்டமாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும். இந்த ஆண்டு என் உடம்பாம். படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி சிந்துஜாவைத் தினமும் குளியலறைக்குத் தூக்கிச் சென்றது எடைப் பயிற்சி. மருந்துக்கு மாடிப்படிகளில் ஓடியது கார்டியோ. அவள் இறந்த வாரம் யந்திரம் என்னைப் பாராட்டியது.

கீழ்வீட்டுத் தயாநிதி ஜிம்மில் என் திட்டப்படி மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சிக்ஸ் பேக்கைத் தவிர அவனுக்கு வேறு துக்கம் இல்லை.

"என்ன ப்ரோ உங்க பிளான், வாரா வாரம் வெயிட்டைக் குறைக்கச் சொல்லுது? அப்புறம் ஆர்ம்ஸ் எப்படி வரும்?"

சிந்துஜா வாரா வாரம் இளைத்தாள். அதை இவனிடம் சொல்வானேன்?

மூட்டையைப் பொத்தென்று போட்டான்.

"கழுத்துக்குக் கீழ கை குடுத்து இறக்குடா" என்றேன்.

"மூட்டைக்கு ஏது ப்ரோ கழுத்து?" என்று சிரித்தான்.