ஒத்துக்கொள்கிறோம், மேடம்

“கெஸ்ட் என்ன குறை எழுதினாலும் ஒத்துக்கணும் நதியா. எதிர்த்து ஒரு வார்த்தை வரக்கூடாது,” என்றார் மேனேஜர் சிவமுருகன்.

கொடைக்கானல் ரிசார்ட் ஒன்றில், இணையத்தில் வரும் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் நதியாவின் வேலை.

டீ ஆறிப்போயிருந்ததாம். ‘யூ ஆர் ரைட், சார்’ என்று தட்டினாள்.

ஜன்னலைத் திறந்தால் வெறும் மூடுபனியாம், கொடுத்த காசு தண்டமாம். பனிக்கு யார் என்ன செய்ய முடியும்? ‘வீ கம்ப்ளீட்லி அக்ரி, சார்’ என்று தட்டினாள்.

மூன்றாவதாக ஒரு அம்மாள் எழுதியிருந்தார். ‘கேட்டில் நிற்கும் கிழட்டு வாட்ச்மேன் ஓயாமல் இருமுகிறார். அருவருப்பாக இருக்கிறது. ஆளை மாற்றுங்கள்.’

சிவமுருகன் பின்னால் வந்து நின்று படித்தார். “ம்... எழுதும்மா.”

‘வீ கம்ப்ளீட்லி அக்ரி, மேடம். ஹி வில் பி ரீப்ளேஸ்டு டுடே.’ மற்ற இரண்டுக்கும் ஆன நேரமே இதற்கும் ஆனது.

“எழுதிட்டா செஞ்சாகணும்ல? நீயே போய்ச் சொல்லிடு.”

“ஓகே சார்.”

கேட்டில் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி ஒரு காருக்கு சல்யூட் வைத்து அனுப்பிவிட்டு இருமிக்கொண்டிருந்தார். இருமல் அடங்கும்வரை நதியா காத்திருந்தாள். பிறகு அவர் கழுத்தில் மஃப்ளரை இழுத்துச் சுற்றிவிட்டாள்.

“அப்பா, நம்ம வீட்டுக்குப் போவமா?”

“சோலி கெடக்கே, தாயி. மேனேஜரு வைவாரு. அவரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிக்கிறணும், தெரியுமில்ல?”

“சரின்னுதாம்ப்பா எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”