அவர்

சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்தான். மறுமுனையில் ஒரு கைப்பேசி வந்தது.

கூடத்து அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து.

அவனுடைய பழைய கைப்பேசிதான். அவன் அதைக் கைவிட்டு வெகுநாளாகிறது. திரை பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. படம் பார்க்கும் புதிய செயலி ஒன்று அதில் இருந்தது. அவன் நிறுவியதன்று.

தொட்டான்.

'பார்ப்பவர் யார்?' என்று அது கேட்டது.

கேள்வியின் கீழே இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஒரு பூ. அதன் அடியில் கலாமணி என்று அவன் மனைவியின் பெயர்.

மற்றதில் மீசை வைத்த ஒரு முகம். அவனுடையதைவிடச் செழிப்பான மீசை.

அதன் அடியில், 'அவர்'.

பெயரில்லை. ஊரில்லை. மரியாதை மட்டும் இருந்தது.

யாருக்குக் கொடுத்த மரியாதை?

அவனை அவள் 'ஏனுங்க' என்றுதான் அழைப்பாள். மணமான நாளிலிருந்து அதுவே. அவன் காதுபட அவனுக்கு வேறொரு பெயர் அவள் வாயில் இருந்ததில்லை.

வட்டத்தைத் திறந்தான்.

இணையம் இல்லாத இடத்திலும் பார்ப்பதற்கென்று சேமித்தவை வரிசையாக நின்றன. மல்யுத்தப் போட்டிகள். காட்டுயானைகளைப் பற்றிய தொடர். கடைசிப் பகுதிவரை இறக்கி வைத்த ஒரு துப்பறியும் தொடர். பழைய நகைச்சுவைக் காட்சிகள்.

அந்த ஆளின் ரசனை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதுதான் சுட்டது.

அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியுடன் வடக்கே போகிறவன். போனால் மாதக்கணக்கு. வந்தால் சில நாள். இன்று மாலை மறுபடியும் புறப்பாடு. அவன் புறப்பட்ட பின் அந்த மீசைக்காரர் வந்து அவனுடைய நாற்காலியில் சாய்வார். யானைகளைப் பார்ப்பார். அவன் சிரிக்கவேண்டிய இடத்தில் அவர் சிரிப்பார். அவர் சிரிப்பதைக் கேட்டு அவளும் சிரிப்பாள்.

இந்த வீட்டில் வைஃபை கிடையாது. இவ்வளவையும் இறக்குவதற்கு யாரோ இணையம் கொடுத்திருக்கவேண்டும்.

அடுக்களையில் அவள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் பொரியும் ஓசை கேட்டது. போய்க் கேட்டிருக்கலாம். ஒரு சுவர்தான் இடையில்.

ஐயம் கேட்டுத் தெளியும். பொறாமை கேட்காது. அதற்கு விடை முன்பே தெரியும்.

குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டான்.

'அனைத்தையும் நீக்கவா?'

நீக்கினான்.

யானைகள் போயின. மல்லர்கள் போயினர். துப்பறிகிறவன் எதையும் கண்டுபிடிக்காமலே போனான்.

கைப்பேசியை இருந்த இடத்திலேயே வைத்தான். நெஞ்சு சற்றுக் குளிர்ந்தது.

அப்போது அடுக்களைச் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டம்மாவின் குரல் எழுந்தது.

"ஏங்கண்ணு, எங்கூட்டு வைஃபையப் பூராவும் உறிஞ்சிப்போட்டயே. எந்தச் சினிமாக் கொட்டாய்க்கு?"

"அவருக்குத்தானுங்க்கா" என்றாள் கலாமணி. "போற பக்கம் டவரே கெடையாதாமா. பொழுது போவணுமில்லீங்க."

"உன்ற அவரு குடுத்து வெச்சவரு, போ."

"அவருகிட்டச் சொல்லீராதீங்க்கா. பையில கமுக்கமா வெச்சு அனுப்பலாம்னு இருக்கறேன்."

அவர்.

எந்தக் கணவனும் தன் மனைவியின் வாயில் தான் 'அவர்' ஆவதை அறிவதில்லை. அவன் தெருமுனை கடந்த பிறகே அந்தச் சொல் பிறக்கிறது. அவன் திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது.

அரிசி டின்னை நோக்கி விரைந்தான்.

தெருவில் லாரி ஒலியெழுப்பியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, செத்த அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றான்.

அவனுடைய பையின் ஜிப் திறந்து மூடும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்டது.

*

செம்மண் மேட்டின் உச்சியில் மட்டும் டவர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஆட்கள் அங்கே ஏறி நின்று வீட்டுக்குப் பேசுவார்கள்.

"மொதல்ல எதைப் பாத்தீங்க?" என்று கேட்டாள் அவள். இத்தனை நாள் அடக்கி வைத்த மகிழ்ச்சி அந்தக் குரலில் இருந்தது.

அவன் பார்வையைத் தாழ்த்தினான்.

மேட்டின் கீழே லாரி நின்றிருந்தது. அதன் பக்கக் கண்ணாடியில் விடிந்ததிலிருந்து ஒரு குருவி மோதிக்கொண்டிருந்தது.

"ஒரு குருவிப் படம்" என்றான்.

"செரி."

"லாரிக் கண்ணாடியில அது இன்னொரு குருவியப் பாத்துருது. தன்ற கூட்டப் புடிக்க வந்த ஆளுன்னு நெனச்சுக்குது. கொத்துது. அதுவும் திருப்பிக் கொத்துது. மூக்குல ரத்தம் வந்தும் உடமாட்டேங்குது."

சேமித்தவள் அவள். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவள். அவள் சேமித்த எதிலும் குருவி இல்லை.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான்.

அறுபடவில்லை.

"பாவமுங்க" என்றாள் மெல்ல. "அந்தக் கண்ணாடிய ஒரு துண்டப் போட்டு மூடி உட்டுருங்க."