வீடு மாறிய வீடு

கடலோரத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. இரண்டுமே தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து லாரியில் கொண்டுவந்தவைதான். கான்கிரீட் வீட்டின் இணைப்புகளில் சிமெண்டை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். மூங்கில் வீட்டுக்கு வெறும் போல்ட்டுகள்.

"திருகினா கழண்டுடுவே. நீயெல்லாம் ஒரு வீடா?" என்று கான்கிரீட் வீடு சீண்டும்.

"கழலணும்னுதானே செஞ்சாங்க, அண்ணே" என்று மூங்கில் வீடு சிரிக்கும்.

அந்த மழைக்காலத்தில் கடல் கரையை அரித்து இரண்டு வாசலுக்கும் வந்துவிட்டது. ஸ்பேனரோடு வந்த ஆட்கள் மூங்கில் வீட்டை ஒரு கீறல் விழாமல் பிரித்து அடுக்கினார்கள். அடுத்து தன்னை உடைக்கச் சம்மட்டி வருவதைக்கூட மறந்து, கான்கிரீட் வீடு அந்த அழகை வாய்பிளந்து பார்த்தது.

"எங்கே தம்பி கிளம்பிட்டே?"

"வீடு மாறுறேன், அண்ணே!"

மேட்டு நிலத்தில் மூங்கில் வீடு மறுபடி எழுந்தது. கடைசி போல்ட்டை முடுக்கும்போது, அஸ்திவாரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக்குள்ளிருந்து பழகிய குரல் கேட்டது.

"நல்லா அழுத்தி உட்காரு, தம்பி. அடுத்த தடவை வீடு மாறும்போது என்னையும் அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு."