மாற்றி எடுத்த வாக்குத்தத்தம்

1998 மார்ச் 14, சனிக்கிழமை; காற்று அசையாத கடும் வெயில். விளாங்குடி வீட்டின் தகரக் கூரையின் கீழ், மருத்துவமனை கைவிரித்து அனுப்பிய மொக்கையனின் மூச்சு கயிற்றுக் கட்டிலில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அருகே அவன் மனைவி அன்னக்கொடி, போதகரிடம் தாழ்ந்த குரலில் தன் பாவத்தை அறிக்கையிடுகிறாள். புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான இறைவாக்காக ஆளுக்கொன்று எடுக்கும்படி தட்டில் வைத்திருந்த வேதவசன அட்டைகளில், கணவனுக்காக அவள் முதலில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, கண்ணீரைத் துடைப்பதாகச் சொன்னது. அப்படியானால் கண்ணீர் வரும் என்பதுதானே பொருள் என்று அஞ்சி, ஒருவரும் காணாமல் அதைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, நீடித்த ஆயுளைச் சொல்லும் வேறோர் அட்டையை எடுத்துவந்தாள்.

"நீங்க மாத்துவீங்கன்னு ஆண்டவருக்கு முன்னமே தெரியும், சகோதரி."

"தெரியும்ல? அப்பவே எங் கையப் பிடிச்சிருக்கலாம்லய்யா?"

"கை உங்களோடதும்மா. அவரு பிடிக்கமாட்டாரு."

"ஏ புள்ள, சாமிகிட்டயே கள்ள ஆட்டமா?" மொக்கையன் கண் திறவாமல் முனகுகிறான். சிரிப்பாகத் தொடங்கியது இருமலாக முடிகிறது.

"நீ பொழைக்கணும்னுதான்யா மாத்துனேன். எடுத்தத அப்படியே வச்சிருந்தா மட்டும் விட்டிருப்பாராக்கும்?"

போதகர் வேதப்புத்தகத்தைத் திறக்கிறார். வசனம் தேடித் தாள்களைப் புரட்டுகிறார். அன்னக்கொடி கரண்டியால் நீர் புகட்டுகிறாள். அது உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே தலையணையில் வழிகிறது. மணி பிற்பகல் மூன்று பதினேழு.